என் மனைவிக்கு நான் செய்த வைத்தியம்

எங்கள் வீட்டில் எட்டு மாதமாகத் தோசை இல்லை. 1987 ஜூன் முதல் தேதி காலை, காப்பியில் நனைத்த ரொட்டி பாதியில் உடைந்து டம்ளருக்குள் மூழ்கியபோது, நான் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தேன். இனிப் பொறுப்பதற்கில்லை. என் மனைவி அமராவதியை நானே குணப்படுத்திவிடுவது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கராஜு. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபத்து நாலு வருடமாகக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுவது, மழை அளப்பது, களைக்கொல்லி மருந்து ஸ்டோர் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது, மானேஜர் ஆங்கிலத்தில் திட்டுவதைத் தமிழில் பாதியாகக் குறைத்துச் சொல்வது, எல்லாம் என் வேலை. தோட்டத்தில் முந்நூறு பேர் எனக்குப் பயப்படுவார்கள். வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்கு நான் பயப்படுவேன்.

இன்னொரு தொழிலும் எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பருக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதி அனுப்புவேன். பதினைந்து அனுப்பினால் ஒன்றைப் போடுவார்கள். சொந்தப் பெயரில் எழுதினால் மானேஜர் காதுக்குப் போய்விடும் என்று ‘அமராவதி மணாளன்’ என்று போட்டுக்கொள்வேன். துணுக்கெல்லாம் பெண்டாட்டியைப் பற்றித்தான். தைரியமாக எழுதலாம். ஏனென்றால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் எங்கள் ஒரே மகன் சேது இறந்துபோனான். பத்தொன்பது வயது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமையானால் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டவுனுக்குப் போனவன், திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரி வழுக்கியது. இதற்குமேல் எழுத என் பேனாவுக்குத் தெம்பு இல்லை.

பெட்ரோல் போடப் போனான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அமராவதியிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வாரம் முழுக்க ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நான்தான் தட்டி எழுப்பினேன்.

“சேது, டவுனுக்குப் போயி பேப்பர் வாங்கிட்டு வாடா. இந்த வாரம் என் துணுக்கு வந்திருக்கும்.”

“போன வாரமும் இதத்தானேப்பா சொன்னீங்க?”

“இந்த வாரம் நிச்சயம்.”

“சரி, பாத்துட்டு, வந்திருந்தா மட்டும்தான் வாங்குவேன். இல்லேன்னா நீங்க வேற வேல பாருங்க லா.”

சிரித்துக்கொண்டே போனான். ஒரு துணுக்குக்காகப் பிள்ளையைக் கொன்றவன் இந்த மலேசியாவில் நான் ஒருவன்தான். பேப்பர் வாங்கினானா, துணுக்கு வந்ததா, நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பேப்பர் என்ற ஒன்றையே தொடவில்லை. கண் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

மற்றபடி நான் நன்றாகத்தான் இருந்தேன். தூக்கம்தான் இல்லை. பாலத்து ரோட்டில் போக முடியவில்லை, அதனால் எட்டு மாதமாக டவுனுக்கே போகவில்லை. ஒருநாள் மதியம் மருந்து ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அமராவதி வந்து கதவைத் தட்டி, “சோறு ஆறிப்போச்சு”, என்றாள். எழுந்து வந்துவிட்டேன். இதெல்லாம் ஒரு வியாதியா?

வியாதி அவளுக்குத்தான். தலை வாருவதில்லை. அழுகிறாள். என்னையே உற்று உற்றுப் பார்க்கிறாள். தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் அதைத் திருப்பவே இல்லை.

நேராகத் தோட்டத்து டிரெசர் சன்னாசியிடம் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான்.

“அண்ணே, அமராவதிக்கு மனசு சரியில்ல.”

சன்னாசி என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“அதான் தெரியுது”, என்று சொல்லி, கடிதம் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சந்திரிகா என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம். மாத்திரையைவிடப் பேச்சால்தான் அதிகம் குணப்படுத்துவாராம். பேச்சில் குணமாவதென்றால் அமராவதிக்கு இந்நேரம் எந்த நோயும் இருந்திருக்கக் கூடாதே என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. ஒட்டிய உறையைப் பிரிப்பது கிராணி தர்மமல்ல என்பதால் பிரிக்கவும் இல்லை. அது நான் செய்த முதல் தவறு.

கோலாலம்பூர் பஸ் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் இருமிக்கொண்டு நின்றேன். “நீங்க வர வேணாம். நான் அன்னம்மாவ கூட்டிக்கிட்டுப் போறேன்”, என்றாள் அமராவதி. அன்னம்மா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“துக்கம் வியாதி இல்லையாம். அது இருக்கத்தான் செய்யுமாம். ஆனா மனசு அதுக்கு மேல ஒரு கத கட்டுதாம். அந்தக் கத நிஜமான்னு பாக்கணுமாம்.”

“எப்படிப் பாக்கறது?”

“நோட்டுல எழுதணும். என்ன நெனப்பு வந்துச்சு, அப்போ மனசு எவ்வளவு வலிச்சுது, நூத்துக்கு எத்தன. அந்த நெனப்பு சரின்னு சொல்ல என்ன ஆதாரம், தப்புன்னு சொல்ல என்ன ஆதாரம். ரெண்டையும் பாத்துட்டு, கடைசியில ஞாயமா ஒரு வரி எழுதணும். அப்புறம் மறுபடியும் நூத்துக்கு எத்தனன்னு போடணும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். ஆனா எனக்குத்தான் எழுதத் தெரியாதே. நீங்கதான் எழுதணும்.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்தி பிரிப்பது, ஆதாரம் கேட்பது, எண் போடுவது, இதைத்தானே இருபத்து நாலு வருடமாகச் செய்கிறேன்! மழை என்று வேலையை மேற்பார்க்கும் எந்த மண்டோர் சொன்னாலும் மழைமானியைப் பார்க்காமல் நான் நம்பியதில்லை. இந்த வைத்தியத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். ஏதோ ஒரு கிராணிதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். நீலப் பேனா, சிவப்புப் பேனா, அடிக்கோல் மூன்றும் தயார். ஆறு பத்தி போட்டேன்.

“சொல்லு. என்ன நெனப்பு?”

அமராவதி தரையைப் பார்த்தாள். “எம்மவன் சாவுக்கு நான்தான் காரணம்.”

பேனா நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்காமலே, “எழுதுங்க”, என்றாள். எழுதினேன். என் கையெழுத்தில், நீல மையில், ‘என் மகன் சாவுக்கு நான்தான் காரணம்.’ எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

“வலி எத்தன?”

“நூத்தி இருபது.”

“நூத்துக்கு மேல கிடையாது அமராவதி.”

“உங்க நோட்டுல எடம் இல்லேன்னா அதுக்கு நான் என்ன பண்றது?”

நூறு என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக இருபது என்று போட்டேன். “சரி, ஆதாரம்?”

“டவுனுக்குக் கெளம்பினான். நான்தான் ரெண்டு தோச சாப்புட்டுட்டுப் போடான்னு நிறுத்தினேன். ஒரு அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசம் முன்னால போயிருந்தா லோரி வர்றதுக்குள்ள பாலத்தத் தாண்டி வந்திருப்பான்.”

எட்டு மாதமாக அந்தக் கல் ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானோ ருசிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

“இதெல்லாம் ஒரு ஆதாரமா? பசியோட அனுப்பியிருக்கணும்ங்கிறியா? நீ வேணும்னேவா நிறுத்தின? லோரி வரும்னு உனக்கு ஜோசியமா தெரியும்? கடையில பத்து நிமிசம் நின்னிருப்பான், அப்போ கடைக்காரன் கொன்னானா?”

“கத்தாதீங்க. கத்தறத எழுதுங்க.”

எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்து, ஆபீசுக்கு ஓடி மழைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் மழை தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பது என் பழக்கம். அந்தப் பக்கத்தை எட்டு மாதமாக நான் திருப்பிப் பார்க்கவில்லை.

“இங்க பாரு. மழ தொடங்கினது பத்து நாப்பது. அவன் போனது ஒன்பதர. போறப்ப வானம் வெளுத்திருந்துச்சு. மழ வரும்னு யாருக்குமே தெரியாது. தெரிஞ்சிருந்தா யாரு அனுப்பியிருப்பா?”

“யாருமே அனுப்பியிருக்க மாட்டாங்க, இல்ல?”

“மாட்டாங்க.”

“அதையும் எழுதுங்க.”

எழுதினேன். எழுதியதை ஏனோ இரண்டு தடவை படித்தேன்.

பிறகு அவள் கேட்டாள். “டாக்டரம்மா இன்னொன்னும் கேக்கச் சொன்னாங்க. இதே மாதிரி அன்னம்மா வீட்டுல நடந்திருந்தா, அவகிட்ட போயி, நீதான்டி கொன்னேன்னு சொல்லுவோமா?”

“நீ சொல்லுவியா?”

“அன்னம்மாகிட்டயா?” யோசித்தாள். “போன வருசம் எங்கிட்ட வாங்கின அம்மிக்குழவிய இன்னும் அவ திருப்பிக் குடுக்கல. ஆனா இத சொல்ல மாட்டேன்.”

“அப்போ அவளுக்கு ஒரு ஞாயம், உனக்கு ஒரு ஞாயமா?”

“அதானே?” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். “ஏங்க, ஒருவேள அவன யாராச்சும் ஒரு வேலையா டவுனுக்கு அனுப்பியிருந்தாங்கன்னு வைங்க. அவங்க மேல தப்பு உண்டா?”

“யாரும் அனுப்பல. பெட்ரோல் போடத்தான் போனான்.”

“ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்.”

நான் பேனாவின் மூடியைத் தேடினேன். கையிலேயே இருந்தது. “தப்பு இல்ல”, என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“எழுதுங்க.”

‘அனுப்பியவர் இருந்தால் அவர் மீதும் தப்பு இல்லை.’ எழுதி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. வலி எத்தனை என்று மறுபடி கேட்டேன். எண்பத்தைந்து என்றாள். ஒரே நாளில் முப்பத்தைந்து குறைத்த வைத்தியன் நான்!

இப்படியே ஜூன், ஜூலை போயிற்று. மாதம் இரண்டு தடவை நோட்டை எடுத்துக்கொண்டு அன்னம்மாவுடன் கோலாலம்பூர் போவாள். வரும்போது புது வேலையோடு வருவாள். தினம் ஒரு சின்னக் காரியம் செய்ய வேண்டும் என்றாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி வெண்டை போட்டோம். மண்வெட்டி பிடித்தது நான், ஏனென்றால் நோயாளிக்கு இடுப்பு வலி. சாயங்காலம் யார் வீட்டுக்காவது போய்ப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றாள். பேசியது நான், ஏனென்றால் நோயாளிக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் அவளுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அப்போதுதான்.

ஒருநாள், “எனக்கு ஒரு பயம் இருக்கு”, என்றாள்.

“சொல்லு, எழுதறேன்.”

“உங்க இடுப்புல தொங்குற ஸ்டோர் சாவி.”

நான் சாவியைச் சட்டைக்குள் தள்ளினேன். அவள் வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, “சன்னாசி அண்ணங்கிட்ட குடுத்துட்டா எனக்குப் பயம் கொறையும்”, என்றாள். மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட்டேன். நோயாளியின் நன்மைக்காக. இடுப்பு ரொம்ப லேசாக இருந்தது.

பிறகு ரோடு வந்தது. பாலத்து ரோட்டில் போக அவளுக்குப் பயமாம். பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழக வேண்டுமாம். அவசரப்படக் கூடாதாம், ஓடியும் வந்துவிடக் கூடாதாம்.

“நீதான் மாசம் ரெண்டு தடவ பஸ்ல போறியே?”

“பஸ்ல கண்ண மூடிக்குவேன். நடந்து போறதுதான் பயம்.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் முதல் வாரம் தோட்டத்து கேட் வரைக்கும் நடந்தோம். இரண்டாவது வாரம் மாரியம்மன் கோயில் முடக்கு வரைக்கும். மூன்றாவது வாரம் பாலம்.

பாலத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். என் பிள்ளை விழுந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

“என் கைய புடிச்சுக்குங்க. நடுங்குது”, என்றாள்.

பிடித்துக்கொண்டேன். நடுங்கிய கை யாருடையது என்று நான் ஆராயவில்லை. “பயம் எத்தன?” என்று கேட்டேன்.

“தொண்ணூறு.”

அரைமணி நேரம் நின்றோம். நான் அழுதேன். பத்து மாதத்தில் அன்றுதான் அழுதேன். காரியத்தன்றுகூட ஆள் வருகையைக் கவனித்துக்கொண்டிருந்தவன் நான். அமராவதி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நோயாளி வைத்தியனைத் தேற்றுவது முறையல்ல என்று தோன்றியது. ஆனாலும் கையை எடு என்று சொல்லவில்லை.

“இப்போ எத்தன?”

“அம்பது”, என்றேன். பிறகுதான், கேட்டது அவள், சொன்னது நான் என்று உறைத்தது. “அதாவது உனக்கு அம்பது இருக்கும்னு சொன்னேன்.”

“ஆமா, அம்பதுதான் இருக்கும்”, என்றாள்.

செப்டம்பரில் அன்னம்மாவுக்குக் காய்ச்சல். “நீங்க வர்றீங்களா?” என்றாள் அமராவதி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் பாலத்தைத் தாண்டியபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவளும் மூடவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தோம். தாதி வந்து, “தங்கராஜு!” என்று கூப்பிட்டாள்.

“நான் புருசன்மா. நோயாளி இவங்க.”

தாதி கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அட்டையை என் பக்கம் திருப்பினாள். நோயாளியின் பெயர்: தங்கராஜு. வயது: நாற்பத்தாறு. தொழில்: கிராணி. உடன் வருபவர்: அமராவதி. ஜூன் முதல் ஆறு தேதிகள். ஆறுக்கும் எதிரில் நோயாளி வரவில்லை என்று எழுதியிருந்தது. இருபத்து நாலு வருடமாக ஊருக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டவனுக்கு ஒருத்தி ஆறு ஆப்சென்ட் போட்டிருக்கிறாள்!

டாக்டர் சந்திரிகா சின்ன உருவம். மேசைமேல், அமராவதி தாதியிடம் கொடுத்திருந்த என் நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. “வாங்க மிஸ்டர் தங்கராஜு. உங்க கையெழுத்த நல்லாத் தெரியும். ஆளத்தான் இப்போ பாக்கறேன்.”

“டாக்டர், இது மோசடி!”

“நானும் அதத்தான் சொன்னேன். ஆளக் கூட்டிட்டு வாங்கன்னேன். உங்க வைப் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அவரு வர மாட்டாரு டாக்டர். ஆனா அவரு கையெழுத்து வரும்’ன்னாங்க.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். “தன் மேல குத்தம் சொல்ற ஒருத்தர்கிட்ட, நீங்க குத்தவாளி இல்லேன்னு நூறு பேரு சொன்னாலும் ஏறாது. அவங்களே ஆதாரத்த எடுத்து, அவங்களே எழுதி, அவங்களே படிச்சாத்தான் ஏறும். இதுல இருக்கறதெல்லாம் யாரு எடுத்த ஆதாரம்?”

“நான்தான்.”

“பாலத்துல நின்னது?”

“நான்தான்.”

“சாவியக் குடுத்தது?”

நான் அமராவதியைப் பார்த்தேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு ஸ்டோர் கதவு சாத்தியிருந்துச்சு”, என்றாள் மெதுவாக. “ஒருத்தன குடுத்துட்டேன். இன்னொருத்தரையும் குடுக்க என்னால முடியாதுங்க.”

அதற்குமேல் கோபப்பட எனக்கு வழியில்லை. சொல்லவே மாட்டேன் என்று வைத்திருந்ததைச் சொன்னேன். “அவன் பெட்ரோல் போடப் போகல. நான்தான் பேப்பர் வாங்க அனுப்பினேன்.”

“தெரியும்”, என்றாள் அமராவதி.

“எப்படித் தெரியும்?”

“போலீஸ்காரங்க கைக்கடிகாரத்தோட பேப்பரையும் எங்கிட்டதான் குடுத்தாங்க. அத எடுத்து வச்சிருக்கேன்.”

பேப்பர் இருந்தது என்றால் துணுக்கு வந்திருக்கிறது. வந்திருந்தால் மட்டும்தான் வாங்குவேன் என்றானே. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அன்றைய வலி எத்தனை என்று கேட்டு, என் பெயரிலேயே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அப்போ அந்தத் தோசக் கதையெல்லாம் பொய்யா?”

“அதுல பொய் ஒன்னும் இல்ல. நீங்க எழுதினது எனக்கும்தான் ஏறுச்சு. ஒரு நோட்டுல ரெண்டு பேரு பொழச்சோம்.”

“அந்த அட்டையில கையெழுத்து யாரு போட்டது? அமராவதின்னு தமிழ்ல இருக்கு?”

“நான்தான்.”

“உனக்கு எழுதத் தெரியுமா!”

“சுங்கை ஆயர் தாவார் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு முடிச்சேன். சேதுக்கு ‘அ’ போடக் கத்துக்குடுத்தது யாருன்னு நெனச்சீங்க?”

“பின்ன, கல்யாணத்துக்கு முன்னால நம்ம தோட்டத்துல நீ வேலைக்குச் சேந்த அன்னைக்குப் பதிவேட்டுல ஏன் ரேகை வச்ச?”

“நீங்க கேட்டீங்களா? பொம்பளைங்க வரிசைன்னா மை டப்பாவத்தானே நீட்டுவீங்க. நீட்டினீங்க, வச்சேன்.”

உண்மைதான். பெண் என்றால் மை டப்பா. எந்தக் கிராணியும் கேட்டதில்லை. இருபத்தொரு வருடமாக அந்த ஒரு ரேகையை நம்பி இவளைப் பற்றித் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேராகப் பேப்பர் கடைக்கு நடந்தாள். இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது என்றாள். கடைக்காரர் இருசப்பன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ‘பேப்பருக்காகப் பிள்ளையைக் கொன்றவன்’ என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிராணியாரே, பதினோரு மாசமா ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு இருக்கேன். தம்பி அன்னைக்கு இங்கதான் நின்னு பேப்பரப் பிரிச்சுப் படிச்சுது. அப்படி ஒரு சிரிப்பு! ‘எங்கப்பா எழுதினது அண்ணே, வந்துருச்சு’ன்னு கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டுச்சு. ‘அம்மா மட்டும் இதப் படிச்சாங்க, அப்பாவுக்குத் தோச கெடையாது’ன்னு சொல்லி, ரெண்டா மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போச்சு.”

என் பிள்ளை கடைசியாகச் சிரித்தது என் துணுக்குக்கு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இரண்டையும் கடை வாசலிலேயே செய்தேன். அமராவதி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்து வந்தபோது அடுப்படியில் சத்தம் கேட்டது. சொய்ங் என்ற சத்தம். கல் திரும்பியிருந்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் தோசை. தட்டுக்குப் பக்கத்தில் மடித்த பேப்பர் இருந்தது. ஓரம் தண்ணீர் பட்டுக் காய்ந்து சுருங்கியிருந்தது. பிரித்தேன். ஒன்பதாம் பக்கம், கீழ் மூலை.

‘மனைவி: ஏங்க, நான் சுட்ட தோசை எப்படி இருக்கு?

கணவன்: அருமை! இன்னொண்ணு சுடு. செருப்பை ஜோடியாகத்தானே போடணும்! — அமராவதி மணாளன்.’

எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. எனக்கு உண்மையிலேயே கண் சரியில்லை போலிருக்கிறது. என் பிள்ளை சிரித்த இடம் எதுவாக இருக்கும் என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நெசமாவே அந்த அஞ்சு நிமிசத்த நெனச்சுத்தான் இத்தன மாசம் தோச சுடாம இருந்தியா அமராவதி?” என்று கேட்டேன்.

அவள் இரண்டாவது தோசையை என் தட்டில் போட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். முதல் தோசைக்கு ஜோடியாக அதை ஒழுங்காக நகர்த்தி வைத்தாள்.

“அதுவும்தான். ஆனா மொதல்ல இதப் படிச்சேன்.”